நார்ம் எலர்ஸும் பூட்டு மூடியும்

நார்ம் எலர்ஸைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் பெட்ரோல் கதையைத்தான் முதலில் எடுப்பார்கள். இரண்டு பெட்ரோல் கதைகள் உண்டு. முதலாவது உண்மை, இரண்டாவது பொய். இரண்டையும் ஒரே சிரிப்போடு சொல்வார்கள். எனக்கு வயிறு எரிவது அதனால்தான். நானும் அப்படிச் சிரித்துச் சொன்னவள் என்பதால் கோபப்பட எனக்கு உரிமை கிடையாது. ஆனாலும் கோபம் வருகிறது.

என் பெயர் டார்லா. நெப்ராஸ்காவின் மணற்குன்றுகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊரில், வண்டி உதிரிபாகக் கடையின் கவுன்டருக்குப் பின்னால் முப்பத்தொரு வருடம் நின்றவள். முதல் பத்து வருடம் உள்ளே வருகிறவர்கள் என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஆம்பளைங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்பார்கள். "இருக்காங்க, எல்லாரும் வெளியில வண்டி ஸ்டார்ட் ஆகாம நிக்கிறாங்க" என்பேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள். வண்டியின் சத்தத்தை வாயால் செய்துகாட்டினால் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன் என எனக்கு ஒரு பெயர் வந்தது. அந்தப் பெயரில் எனக்குக் கர்வமும் உண்டு.

முதல் கதை இதுதான். பதினேழு வயதில் நார்ம் பள்ளிப் பேருந்தின் டேங்கில் குழாய் விட்டு வாயால் உறிஞ்சி, தன் ஓட்டை வண்டிக்கு ஐந்து கேலன் பெட்ரோல் எடுத்தான். மறுநாள் காலை பேருந்து நடுவழியில் நின்றது. நாங்கள் இருபத்திரண்டு பேர் மூன்று மைல் நடந்து பள்ளிக்குப் போனோம். நார்மும் எங்களோடு நடந்தான். பாதி தூரத்தில் அவனுக்கே தாங்காமல், "நான்தான்" என்று சொல்லிவிட்டான். தானாகவே ஒப்புக்கொண்ட அந்த ஒரு திருட்டுக்கு எங்கள் ஊர் அவனை நாற்பது வருடம் விடவில்லை. அவன் கடைக்குள் நுழைந்தால் யாராவது ஒருவர், "டேய், வண்டியைப் பாத்துக்கங்கடா, நார்ம் வந்துட்டான்" என்பார்கள். அவனும் சிரிப்பான். வேறென்ன செய்வான்?

மற்றபடி அவன் வாழ்க்கையில் சொல்லிக்கொள்ள அதிகமில்லை. அறுபது மாடுகள் கொண்ட சின்னப் பண்ணை. கல்யாணம் கூடிவரவில்லை. குதிரை தள்ளிவிட்டதில் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்துபோனது. தேவாலயத்தில் எல்லோருக்கும் முந்தி பாட்டை ஆரம்பித்துவிடுவான், சுருதி மட்டும் சேராது. அடுத்தவன் நிலத்தில் தண்ணீர் இறைக்கும் காற்றாலை நின்றுபோயிருப்பதைப் பார்த்தால் கேட்காமலே ஏறிச் சரிசெய்துவிட்டு, சொல்லாமல் போய்விடுவான். மாட்டுக்குத் தண்ணீர் வருவதைப் பார்த்துத்தான் சொந்தக்காரனுக்கே விஷயம் தெரியும்.

கன்றுகளுக்கு இன்னார் மாடு என்று அடையாளச் சூடு போடும் நாளில் நார்ம் ராஜா. மே மாதம் வந்தால் ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு நாள். அக்கம்பக்கத்தார் எல்லோரும் குதிரையோடு வருவார்கள். கயிறு வீசி, ஓடும் கன்றின் பின்னங்கால் இரண்டையும் ஒரே சுருக்கில் பிடிப்பதில் நார்மை மிஞ்ச ஆளில்லை. யாருக்கும் கூலி கிடையாது. மத்தியானம் மாட்டிறைச்சி வறுவலும் பீன்ஸும் ஆப்பிள் பை என்கிற பலகாரமும் போடுவார்கள், அவ்வளவுதான். முந்தின வாரம் போன் வரும்: "சனிக்கிழமை எங்க வீட்ல." அந்த போன் வருகிற வரைக்கும் நீங்கள் இந்த ஊர்க்காரர். வராவிட்டால் என்ன என்பதை வாயால் யாரும் சொல்வதில்லை.

இனி வெர்லின் கோலார். நார்மின் பக்கத்துப் பண்ணை என்று சொல்லலாம், நடுவே பதினெட்டு மைல் சரளைச் சாலை. இருவரும் சின்ன வயதிலிருந்து சேர்ந்தே வேலி போட்டவர்கள். வெர்லினிடம் எண்பத்தெட்டாம் வருடத்து பிக்கப் வண்டி ஒன்று இருந்தது. முன்னால் ஒரு பெட்ரோல் டேங்க், பின்னால் ஒன்று. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அளவு ஒரு சுவிட்ச். ஒரு பக்கம் தட்டினால் முன் டேங்கிலிருந்து ஓடும், மறுபக்கம் தட்டினால் பின் டேங்கிலிருந்து ஓடும். பெட்ரோல் காட்டும் முள் ஒன்றுதான். சுவிட்ச் எந்த டேங்கில் இருக்கிறதோ அந்த டேங்கின் அளவை மட்டும் காட்டும்.

தொண்ணூற்றேழாம் வருடப் பனியில் வெர்லினின் மனைவி லோரீனுக்கு மூச்சுத் திணறியது. அவளை வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். ஒன்பதாவது மைலில் முன் டேங்க் காலி. சுவிட்சைத் தட்டினான், பின் டேங்கும் காலி. நிரப்ப வேண்டும் என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டே இருந்தவன், நிரப்பவில்லை. கிளம்பும்போது வெர்லின் போனில் சொல்லியிருந்ததால், தன் வீட்டைத் தாண்ட வேண்டிய வண்டி வராததைக் கவனித்து டிராக்டரை எடுத்துக்கொண்டு தேடி வந்தவன் நார்ம். லோரீனைத் தூக்கி டிராக்டரில் ஏற்றியவனும் அவன்தான். ஊர் எல்லைக்கு வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

அன்றிலிருந்து வெர்லின் பின் டேங்கை எப்போதும் ததும்ப நிரப்பி வைத்தான், தொடமாட்டான். ஒவ்வொரு அக்டோபரிலும் பழைய பெட்ரோலைக் குழாய் போட்டு டிராக்டருக்கு இறக்கிவிட்டுப் புதிதாக நிரப்புவான், அப்போதும் சுவிட்சைத் தட்டமாட்டான். "அது லோரீனோடது" என்பான். வண்டியை யாராவது இரவல் கேட்டால் சாவியைக் கொடுக்கும்போதே சொல்வான், "அந்தச் சுவிட்சை மட்டும் தொடாதே." பதினான்கு வருடம் யாரும் தொடவில்லை.

பதினான்காவது வருடம் மே மாதம் வெர்லின் கடைக்கு வந்து பெட்ரோல் ஃபில்டர் கேட்டான்.

"என்னய்யா, இழுவை இல்லையா?" என்றேன்.

"முன் டேங்க் சீக்கிரமா காலியாவுது டார்லா. திங்கக்கிழமை ரொப்பினா புதன்கிழமை முள்ளு கீழ கெடக்குது."

ஃபில்டரை மாற்றினான். குறைவது நிற்கவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து, டேங்கிலிருந்து என்ஜின் வரைக்கும் குழாயைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். எங்கும் ஈரமில்லை. கிழங்கு மாதிரி நல்லாயிருந்த முன் பம்பையும் கழற்றி மாற்றினான். அப்படியும் குறைந்தது. ஜூலையில் மறுபடி வந்தான். இந்த முறை கவுன்டரில் முழங்கையை ஊன்றி, குரலைத் தாழ்த்தினான்.

"நார்ம் வீட்டுக்குப் போற அன்னிக்குத்தான் குறையுது. நான் வீட்டோட கெடந்தா முள்ளு அப்படியே நிக்குது. ரெண்டு தடவ அவன் வாசல்ல வண்டிக்குக் கீழ பெட்ரோல் சிந்திக் கெடந்துச்சு. குழாய் போட்டு எடுத்தா சிந்தத்தானே செய்யும்?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நார்ம் வீட்டுக்குப் போக முப்பத்தாறு மைல் என்ஜின் ஓடுகிறதே என்று சொல்லியிருக்க வேண்டும். பேட்டரி சரியில்லை என்று அவன் அங்கே என்ஜினை அணைக்காமல்தான் வேலிக் கம்பம் ஏற்றி இறக்குவான் என்பது எனக்குத் தெரியும், அதைச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது: "பழைய பழக்கம் போகுமா?"

வெர்லின் பூட்டு மூடி கேட்டான். சாவி போட்டுத் திறக்கிற பெட்ரோல் மூடி. எங்கள் ஊரில் வண்டிச் சாவி வண்டியிலேயே தொங்கும், வீட்டுக் கதவுக்குச் சாவி எங்கே என்று பலருக்குத் தெரியாது. அந்த மூடியை வேட்டைக்கு வருகிற வெளியூர்க்காரர்கள்தான் எப்போதாவது வாங்குவார்கள். ஊர்க்காரன் ஒருவன் தன் டேங்கைப் பூட்டினால் அக்கம்பக்கத்தில் ஒருவனைத் திருடன் என்று சொல்கிறான், அதற்கு வேறு அர்த்தமே இல்லை. தூசி தட்டி எடுத்துக் கொடுத்தேன்.

"பின் டேங்குக்கு?"

"அதை எவனும் தொடமாட்டான்" என்றான்.

அடுத்த வாரம் நார்ம் வாசலில் நடந்ததை வெர்லினே என்னிடம் சொன்னான். அப்போது ஜெயித்தவன் குரலில் சொன்னான். கம்பங்களை இறக்கிவிட்டு, கை கழுவ வீட்டுக்குள் போனவன் திரும்பி வந்து பார்க்கிறான். வண்டிப் பக்கத்தில் நார்ம் நிற்கிறான். ஒரு கையில் சிவப்பு கேன். இன்னொரு கை பூட்டு மூடியின் மேல்.

"என்ன பண்ற நார்ம்?"

"பூட்டியிருக்கே" என்றானாம் நார்ம். அதிசயத்தைப் பார்த்தவன் போலச் சொன்னானாம்.

"ஆமா, பூட்டியிருக்கு. எடுக்க முடியலையோ?"

"எடுக்கவா? ஊத்த வந்தேன்டா. வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தலாம்னு ஏறினேன், முள்ளு அடியில கெடக்கு. போன மாசமும் அப்படித்தான் கெடந்துச்சு, அப்பவும் ஊத்தினேன். இந்த முள்ளை வெச்சுக்கிட்டு நீ பதினெட்டு மைல் போறது எனக்குப் பிடிக்கல."

"திருடன் பெட்ரோல் ஊத்துவானாம்! நாப்பது வருஷத்துல நல்லா முன்னேறிட்டேடா!"

கேன் நிறைய பெட்ரோல் இருந்தது. பின் டேங்கின் மூடிக்குக் கீழே தரை ஈரமாக இருந்தது. வெர்லின் கண்ணுக்குக் கணக்கு சரியாக வந்துவிட்டது: பின் டேங்கிலிருந்து எடுத்தாயிற்று, முன் டேங்குக்கு வந்திருக்கிறான். லோரீனுடைய பெட்ரோலையே எடுத்துவிட்டான் என்று அவனுக்குக் கண் மண் தெரியவில்லை. கேனைப் பிடுங்கித் தன் வண்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். சுவிட்சை ஒரு விரலால் தட்டியிருந்தால் பின் டேங்க் ததும்ப இருப்பதை முள் காட்டியிருக்கும். தட்டவில்லை. திருடன் கைபட்டதைத் திறந்து பார்க்க மனமில்லாமல் அந்த வருடம் அக்டோபரில் பெட்ரோலை மாற்றவுமில்லை.

அதற்குப் பிறகு வெர்லின் நார்ம் வீட்டுக்குப் போகவில்லை. முன் டேங்க் குறைவதும் ஏறத்தாழ நின்றது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஊருக்கு இரண்டாவது கதை கிடைத்தது. பெட்ரோல் ஊற்றுகிற திருடன். காபிக் கடையில் ஒருவன் நார்மைப் பார்த்து, "நார்ம், என் வண்டி வெளியில நிக்குது, கொஞ்சம் திருடிட்டுப் போயேன், டேங்க் காலி" என்றான். மொத்தக் கடையும் சிரித்தது. இந்த முறை நார்ம் சிரிக்கவில்லை.

செப்டம்பரில் ஒருநாள் நார்ம் என் கடைக்கு வந்தான். கவுன்டரில் ஏற்கெனவே இரண்டு பேர் சாய்ந்துகொண்டு நின்றார்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நார்ம் கேட்டான்:

"டார்லா, ஒரு சந்தேகம். ரெண்டு டேங்க் வண்டி. முன் டேங்க்ல ஓட்டினா அது வேகமா குறையுது. பின் டேங்க் பக்கம் கீழ நனையுது. குழாய்ல கசிவு இல்ல. என்னவா இருக்கும்?"

முப்பத்தொரு வருடத்தில் யாரும் இவ்வளவு தெளிவாக என்னிடம் ஒரு கோளாறைச் சொன்னதில்லை. நின்று நிதானமாக இரண்டு நிமிடம் யோசித்திருந்தால் பதில் வந்திருக்கும். அந்த இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாலடி ரப்பர் குழாயும் ஒரு நல்ல வாயும் இருந்தா அப்படித்தான் ஆகும் நார்ம்" என்றேன்.

ஒருவன் கவுன்டரைத் தட்டித் தட்டிச் சிரித்தான். நார்ம் தொப்பியைப் போட்டுக்கொண்டான். "சரி டார்லா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். என் வாய்த்துடுக்கை மெச்சிக்கொண்டு அன்று முழுக்கச் சந்தோஷமாகத் திரிந்தேன். 

அடுத்த மே மாதம் வெர்லின் சூடு போடுவதற்கு நார்மை அழைக்கவில்லை. வெர்லின் அழைக்கவில்லை என்றதும் மற்றவர்களும் போன் செய்யவில்லை. அவன் தன் அறுபது கன்றுகளுக்கு ஒரு நாள் குறித்து எல்லோரையும் கூப்பிட்டான். இரண்டு பேர் வந்தார்கள், அதில் ஒருவர் பாதிரியார். ஆகஸ்டில் மாடுகளை விற்றான். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நார்த் பிளாட் நகரத்தில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறைக்குப் போய்விட்டான். குதிரையையும் விற்றுவிட்டாயா என்று நான் கேட்டதற்கு, கையிலிருந்த நாய்த் தீனி மூட்டையைக் காட்டி, "நாய் மட்டும் வருது" என்றான். என்னிடம் அவன் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

அந்த அக்டோபரில் வெர்லின் கண் ஆபரேஷனுக்காக அறுபது மைல் தள்ளியிருக்கும் ஊருக்குப் போய் வர வேண்டியிருந்தது. மூன்றாவது முறை திரும்பி வரும்போது, ஊருக்கு நாலைந்து மைல் இருக்கையில் முன் டேங்க் தீர்ந்து வண்டி நின்றது. காலையில் நிரப்பிய டேங்க், மூடி பூட்டியபடி, சாவி அவன் சட்டைப் பையில். நடு மணற்குன்றில் ஒரு ஆள் இல்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பதினைந்து வருடமாகத் தொடாத சுவிட்சைத் தட்டினான். முள் சட்டென்று ஏறி, நிறைவையும் தாண்டிப் போய் நின்றது. வண்டி உடனே கிளம்பியது.

நேராகக் கடைக்கு வந்தான். "வெளியில வந்து வண்டியைப் பாரு" என்றான். வெளியே போய்ப் பார்த்தேன். பின் டேங்க் மூடியைச் சுற்றி வண்டியின் பக்கவாட்டில் பெட்ரோல் வழிந்து, பெயின்ட் வெளுத்துக் கோடு போட்டிருந்தது. நாள்பட்ட கோடு. மூடியைத் திருகினேன், என் கைமேலேயே பெட்ரோல் பொங்கியது.

"சுவிட்சைத் திருப்பி முன் டேங்க்ல போட்டு ஸ்டார்ட் பண்ணு" என்றேன். முன் டேங்கில் கடைக் கேனிலிருந்து கொஞ்சம் ஊற்றியதும் என்ஜின் இருமி இருமி ஓடியது. ஓட ஓட, பின் டேங்கின் வாயிலிருந்து பெட்ரோல் நூலாக வழிந்து சரளையில் விழுந்தது. அதற்குப் பிறகு யோசிக்க ஒன்றுமில்லை.

"என்ஜின் தனக்கு வேண்டியதைவிட அதிகமா பெட்ரோலை இழுக்கும் வெர்லின். மிச்சத்தை எந்த டேங்க்லருந்து எடுத்துச்சோ அங்கயே திருப்பி அனுப்பும். பின் பம்புல ஒரு சின்ன வால்வு இருக்கு, திரும்பி வர்றது அந்தப் பக்கம் போகாம தடுக்கிறது அதோட வேலை. அது செத்துப்போச்சு. முன் டேங்க்லருந்து எடுத்து, பின் டேங்க்ல கொட்டுது. அது ஏற்கெனவே நெறஞ்சிருக்கா, தரையில கொட்டுது."

"எப்பலருந்து?"

"போன வருஷம் மே மாசத்துலருந்து."

வெர்லின் வண்டியின் பக்கவாட்டுக் கோட்டை விரலால் தடவினான். "அப்ப நார்ம்..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். பிறகு என்னைப் பார்த்து, "அவன் ஊத்தினான்" என்றான். "கேன் நெறைய இருந்துச்சு டார்லா. அது அவன் பெட்ரோல். நான்தான் திருடினேன்."

பின் பம்பை நானே மாற்றிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அந்தச் சிவப்பு கேனைத் ததும்ப நிரப்பிக்கொண்டு வெர்லின் நார்த் பிளாட்டுக்குப் போனான். மறுநாள் காலை நான் கடையைத் திறக்கும்போது வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"கதவைத் திறந்தான்" என்றான். "உள்ள வான்னு சொல்லல. வாசல்ல நின்னே எல்லாத்தையும் சொன்னேன். வால்வு, பம்ப், எல்லாத்தையும். நாயைத் தடவிக்கிட்டே கேட்டான்."

"என்ன சொன்னான்?"

"'அன்னிக்கு நீ கேனைப் பிடுங்கும்போது என் கை உன் ஜன்னலுக்குள்ள சுவிட்ச் வரைக்கும் போச்சு. தட்டியிருந்தா பின் டேங்க் நெறஞ்சிருக்குன்னு உன் கண்ணு முன்னாடியே காட்டியிருப்பேன். நீ தொடாதேன்னு சொல்லியிருந்தே. லோரீனை நான்தானே தூக்கினேன். தொட மனசு வரல.' இப்படிச் சொன்னான்."

நான் கடையைத் திறந்தேன், வெர்லின் பின்னாலேயே உள்ளே வந்தான். 

"மன்னிச்சுக்கடான்னு கேட்டேன். கேனை எடுத்து உள்ள வெச்சான். அது அவனோடதாம், அதனால எடுத்துக்கிறானாம். சூடு போடுற நாளுக்கு வாடா, ஊர் முன்னாடி நானே சொல்றேன்னேன். 'கயிறை வித்துட்டேன்'னான். கதவைச் சாத்திட்டான்."

அடுத்த மே மாதம் வெர்லின் எல்லோர் முன்னாலும் நின்று நடந்ததைச் சொல்லத்தான் செய்தான். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். ஆப்பிள் பையைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஒருவன், "அப்ப அந்த வண்டிதான் நார்முக்குத் திருடக் கத்துக்குடுத்திருக்கு" என்றான். சிரித்தார்கள். இன்றைக்கும் அந்தக் கதையைப் பழைய மாதிரியே சொல்கிறார்கள். வால்வும் பம்பும் வந்தால் கதையில் சிரிக்க ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது.

நார்த் பிளாட்டிலிருந்து வந்து சொன்ன அந்தக் காலையில் வெர்லின் சட்டைப் பையிலிருந்து பூட்டு மூடியை எடுத்து, சாவியோடு கவுன்டரில் வைத்தான். போகப் போனவன் திரும்பினான்.

"இன்னொண்ணு சொன்னான். கதவைச் சாத்துறதுக்கு முன்னாடி. இந்தக் கோளாறை உன்கிட்ட வந்து கேட்டானாமே? உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு கேட்டானாம். நீ என்ன சொன்னே?"

நான் சொன்னதை, சொன்ன மாதிரியே, ஒரு வார்த்தை விடாமல் அவனிடம் சொன்னேன்.  திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் வண்டியில் ஏறிப் போனான். அதற்குப் பிறகு ஃபில்டர் வேண்டுமென்றாலும் அறுபது மைல் தள்ளிப் போய்த்தான் வாங்குகிறான்.